ஈரத்துணிக்கு அடியில்

பெற்றவர்கள் வைத்த பெயர் சான்றிதழ்களில் இருப்பதோடு சரி. பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர்தான் அவளுக்கு நிலைத்தது: வெந்நீர். குளிர்காலக் காலைகளில் மணி அடிப்பதற்கு முன்னால் பக்கத்து பெஞ்சுப் பெண்கள் முண்டியடித்துக்கொண்டு வந்து அவள் உள்ளங்கைக்குள் தங்கள் கையை நுழைத்துக்கொள்வார்கள். காய்ச்சல் கிடையாது, நோய் கிடையாது. கை மட்டும் எப்போதும் சுடும். கல்யாணமான புதிதில் கணவர் அந்தக் கையைத் தொட்டுவிட்டு, "டாக்டர்கிட்ட காட்டினியா?" என்று பதறிப்போய்க் கேட்டார். அவர் ஏசி மெக்கானிக். "சூட்டைக் குறைக்கிறதுதான் என் பொழைப்பு, இதை மட்டும் என்னால ரிப்பேர் பண்ண முடியல" என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மசாஜ் தொழிலுக்கு அவள் ஆசைப்பட்டு வரவில்லை. பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு பியூட்டி பார்லரில் துண்டு துவைக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். ஒரு நாள் தலை பிடித்துவிடும் பெண் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டாள். நாற்காலியில் ஒரு டீச்சர் ஒற்றைத் தலைவலியோடு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். "நீ வா, சும்மா தலையைப் பிடிச்சு விடு, நான் போனைப் போட்டு ஆளைத் தேடறேன்" என்றார் முதலாளியம்மா. அவர் போன் பேசி முடிப்பதற்குள் டீச்சர் குறட்டை விட்டுத் தூங்கிவிட்டார். அடுத்த முறை வந்தபோது டீச்சர் கேட்டது, துண்டு துவைக்கிற பெண்ணைத்தான்.

அதன்பிறகு ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்து முறையாகப் படித்தாள். தசைகளின் பெயர்கள் வாயில் நுழையவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கணவரைக் குப்புறப் படுக்க வைத்து, பால்பாயின்ட் பேனாவால் முதுகில் தசை தசையாக வரைந்து பெயர் எழுதிப் படித்தாள். ஒரு முறை அழிக்க மறந்துவிட்டாள். மறுநாள் வேலையிடத்தில் வியர்வை தாங்காமல் அவர் சட்டையைக் கழற்ற, கூட வேலை செய்தவர்கள் கூடிவிட்டார்கள். "என்னப்பா, முதுகுல மேப் போட்டிருக்கு, பொண்டாட்டி வழி தவறிடுவாளா?" என்று ஒருவர் கேட்டது வீடுவரை வந்து சேர்ந்தது.

சொந்தத்தில் இதை யாரும் ரசிக்கவில்லை. அண்ணன், தங்கச்சி ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள் என்றே வெளியில் சொல்லிக்கொண்டான். நாத்தனார் ஒவ்வொரு முறை சாப்பிட உட்காரும்போதும், "கையைக் கழுவினியா?" என்று கேட்பாள். வெந்நீர் இன்னொரு கரண்டி பரிமாறுவாள். வேலையிடத்தில் சில ஆண்கள் குரலைத் தாழ்த்தி, "வேற ஏதாவது உண்டா?" என்று கேட்பதுண்டு. "உண்டு சார், கதவு உண்டு" என்று திறந்து காட்டுவாள்.

பரீட்சை தேறியபின் ஒரு பிசியோதெரபி கிளினிக்கில் வேலை கிடைத்தது. அதை நடத்துபவரை எல்லோரும் பிசியோ சார் என்பார்கள். அதிகம் பேசாதவர். அங்கேதான் அவள் தொழிலில் நிமிர்ந்தாள். கட்டை விரலை மட்டும் நம்பி அழுத்தினால் சில வருடங்களில் மணிக்கட்டு போய்விடும் என்பதையும், முழங்கையையும் உடம்பின் எடையையும் பயன்படுத்துவதையும், ஒருவர் மூச்சை வெளியே விடும்போதுதான் உள்ளே அழுத்தவேண்டும் என்பதையும் அங்கே பழகினாள். தொடப்போகும் இடத்தைத் தொடுவதற்கு முன் வாயால் சொல்லவேண்டும். தேவைக்கு மேல் பேசக்கூடாது. படுத்திருப்பவருக்கு அது ஓய்வு நேரம், நம் கதையைக் கேட்கும் நேரமல்ல என்பார் பிசியோ சார். வெந்நீர் அந்த விதியைப் பல வருடங்கள் மீறவில்லை. மீறியது கான்ட்ராக்டர் வீட்டில்.

அந்த வீட்டுக்கு அவளை அனுப்பியதும் பிசியோ சார்தான். "பக்கவாதம். கழுத்துக்குக் கீழ எதுவும் அசையாது, பேச்சும் இல்ல, நினைவும் இல்லன்னு சொல்றாங்க. படுத்தே கிடக்கறதால தசை இறுகாம பார்த்துக்கணும். வாரத்துக்கு ரெண்டு தடவை போ" என்றார்.

ஊரின் ஓரத்தில், வாய்க்காலை ஒட்டிய தெருவில் அது கடைசி வீடு. கட்டட கான்ட்ராக்டராக இருந்தவர் தனக்கென்று பார்த்துப் பார்த்துக் கட்டியது. படிகளில் ஏறினால் காலடிச் சத்தம் வராது. கதவைத் திறந்து விட்டால் அது தானாக மெல்ல வந்து மூடிக்கொள்ளும். ஜன்னல்களெல்லாம் சாத்தியிருக்கும். பிற்பகல் வெயில் தெருவில் கொளுத்தும்போதும் மாடி அறையில் ட்யூப் லைட் எரிந்துகொண்டிருக்கும்.

கான்ட்ராக்டரின் மனைவிக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. எந்த நேரம் போனாலும் தலை வாரி, பவுடர் பூசி, எங்கேயோ கிளம்பத் தயாரானவர்போல இருப்பார். மென்மையான குரல். வேலைக்காரர்கள் யாரும் இல்லை. கணவரைக் கழுவுவது, புரட்டுவது, குழாய் வழியாக உணவு கொடுப்பது எல்லாம் அவர் ஒருவரேதான்.

கட்டிலில் கான்ட்ராக்டர் நீளமாகக் கிடந்தார். பெரிய ஆள், தோள்கள் இன்னும் அகலம் குறையவில்லை. அவர் கண்களின் மேல் நன்றாக மடித்த வெள்ளைத் துணி ஒன்று ஈரமாக இருந்தது. புரட்டினால் நழுவாதபடி தலையைச் சுற்றி ஒரு பட்டையால் கட்டியிருந்தது.

"கண்ணு முழுசா மூட மாட்டேங்குதும்மா. காஞ்சு போயிடும்னு ஆஸ்பத்திரியிலேயே ஈரத்துணி போடச் சொன்னாங்க. அதை மட்டும் எடுத்துடாதே" என்றார் அவர் மனைவி.

வெந்நீர் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டு, வழக்கப்படி, "சார், தோள்ல கை வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வைத்தாள். அந்த அம்மாள் கணவரின் முகத்தருகே குனிந்து சற்று நேரம் இருந்துவிட்டு நிமிர்ந்தார்.

"உன் கை நல்லா சூடா இருக்காம். சொல்லச் சொல்றார்."

துக்கத்தில் இருப்பவர்கள் எப்படியெல்லாமோ பேசுவார்கள் என்று வெந்நீர் நினைத்துக்கொண்டாள். "சரிக்கா" என்றாள்.

அடுத்தடுத்த நாட்களில் அது பழகிவிட்டது. காலையிலிருந்து இடது கால் இழுக்கிறதாம் என்பார் அந்த அம்மாள்; கெண்டைக்காலைத் தொட்டால் கயிறு முறுக்கியதுபோல இருக்கும். நேற்று தலையணை உயரம் அதிகமாம் என்பார். கழுத்து ஒரு பக்கம் விறைத்திருக்கும். கூடவே இருப்பவர், அவருக்குத் தெரியாதா என்று விட்டுவிட்டாள்.

அந்த அம்மாள் கீழே போய்விட்டால் மாடி அறையில் தாங்கமுடியாத நிசப்தம். ட்யூப் லைட்டின் ரீங்காரம் மட்டும் கேட்கும். ஒரு நாள் அதைத் தாங்காமல் வெந்நீர் வாயைத் திறந்தாள். முதலில் வெயிலைப் பற்றி. பிறகு பஸ்ஸைப் பற்றி. நினைவில்லாத மனிதர்தானே என்று கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் வெளியே வந்தது. நாத்தனாரின் "கையைக் கழுவினியா", அண்ணனின் ஆஸ்பத்திரிப் பொய், ஈரத்துண்டைப் பிழியும்போது வலது மணிக்கட்டில் வெட்டும் வலி. கிளினிக்கை விட்டு விலகித் தனியாக ஒரு அறை எடுக்கலாமா என்ற யோசனையும் வந்தது. அதைக் கணவரிடம்கூட இன்னும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பிசியோ சார் முகத்தை எப்படிப் பார்ப்பது என்ற கவலை. குளியலறைச் சுவரிடம் பேசுவதுபோல அவர் முதுகிடம் பேசினாள். பேசிவிட்டு இறங்கும்போது நெஞ்சு லேசாக இருக்கும்.

ஒரு பிற்பகல், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். கதவைப் பிடித்தபடி நின்றிருந்த கான்ட்ராக்டரின் மனைவி, குடை எடுத்துக்கொண்டாயா என்று கேட்பவர்போலச் சாதாரணமாகச் சொன்னார்:

"தனியா ரூம் எடுக்கறதுன்னா கீழ்த்தளத்துல எடும்மா. முதுகு வலிக்காரங்க படி ஏற மாட்டாங்க. அவர்தான் சொல்லச் சொன்னார்."

கதவு தானாக மெல்ல மூடிக்கொண்டது. வெந்நீர் ஒற்றைச் செருப்போடு படியில் நின்றாள்.

பஸ்ஸில் வரும்போது தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்த அம்மாள் கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்கிறார், வேறென்ன. அடுத்த தடவை மாடிக்குப் போனதும் கதவை ஒரு நாற்காலியால் முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்தாள். கூரையின் மூலைகளையும் அலமாரியின் மேற்பக்கத்தையும் பார்த்தாள். கேமரா எதுவும் இல்லை. அந்த அம்மாள் கடைக்குப் போயிருந்தார். மாடிப்படித் திருப்பத்தில் நின்று கேட்டை எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். அன்று அண்ணனைப் பற்றி மட்டும் பேசினாள். அடுத்த முறை வந்தபோது அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே சொன்னார்: "உங்க அண்ணன் ஆஸ்பத்திரின்னு சொன்னா சொல்லிட்டுப் போகட்டுமாம். நீ அதைப் பெருசா எடுத்துக்காதேங்கறார்."

வெந்நீர் கட்டிலில் கிடந்தவரைப் பார்த்தாள். மார்பு ஏறி இறங்கியது. ஈரத்துணி அசையவில்லை.

அன்று மாலை கணவரிடம் சொன்னாள்.

"பேய் கீய்னு ஏதாவது சொல்லப் போறியா?" என்றார்.

"பேயா இருந்தா நல்லாருக்கும். விட்டுட்டு வந்துடலாம்."

"அந்த மனுஷனுக்கு நிஜமாவே காது கேக்குதோ என்னவோ."

"கேட்டாலும் எப்படிச் சொல்லுவார்? உதடுகூட அசையாதே."

கணவர் உதட்டை அசைக்காமல் ஏதோ சொல்லிப் பார்த்தார்.

அதற்கான விடை ஒரு வாரம் கழித்து அவள் காதில் விழுந்தது. பஸ் சீக்கிரம் வந்துவிட்டது. வாசல் கதவு தாழிடாமல் இருந்தது. சத்தம் வராத படிகளில் ஏறிப் போனாள். மாடி அறைக்குள்ளிருந்து அந்த அம்மாளின் குரல் கேட்டது. சின்னக் குழந்தைக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதுபோல, மெல்ல, ராகமில்லாமல்.

"க... ச... ட... த... ப..." ஒரு இடைவெளி. "பவா? ப, பா, பி, பீ..." மறுபடி இடைவெளி. "சரி. அடுத்தது. அ... ஆ..."

வெந்நீர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றாள். பிறகு சத்தமில்லாமல் கீழே இறங்கி, வாசலுக்குப் போய், மணியை அடித்தாள். மாடியில் குரல் நின்றது. அவள் மேலே வந்தபோது ஈரத்துணி புதிதாக நனைத்து இறுக்கமாகக் கட்டப்பட்டிருந்தது. விளிம்பிலிருந்து நீர் அவர் காதுக்குள் வழிந்துகொண்டிருந்தது.

அந்த அம்மாள் மருந்துக்கடைக்குக் கிளம்பினார். கேட் மூடும் ஓசை வரும்வரை வெந்நீர் காத்திருந்தாள். பிறகு கான்ட்ராக்டரின் தோளில் கை வைத்து, காதருகே குனிந்து, இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். சொல்லியிருக்க முடியாது, ஏனென்றால் அது பொய்.

"சார், எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா. சின்ன வயசுல கடைவீதியில காணாமப் போயிட்டா. இதுவரைக்கும் கிடைக்கல."

அவளுக்குத் தங்கையே கிடையாது. அவள்தான் கடைக்குட்டி.

அடுத்த முறை, அவள் அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து இரண்டு கைகளையும் தோள்பட்டையில் வைத்திருந்தபோது, அந்த அம்மாள் எதிரே நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது.

"உன் தங்கச்சியைப் பத்தி அவர் ரொம்ப வருத்தப்பட்டார்மா. ராத்திரியெல்லாம் அதே பேச்சு. ஆனா நீ கவலைப்படாதேங்கறார். அவ உசுரோடதான் இருக்காளாம். வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு ஒரு பெரிய கட்டடத்துல வேலை பார்க்கறாளாம். சீக்கிரமே உன்னைத் தேடி வருவாளாம். அவருக்குத் தெரியுமாம்."

வெந்நீரின் கைக்கு அடியில், இத்தனை மாதம் மாவுபோலக் கிடந்த அந்தத் தோள், சட்டென்று இரும்பாக இறுகியது. கம்பி முறுக்கேறுவதுபோல ஒரு துடிப்பு கழுத்துவரை ஏறி நின்றது. அந்த அம்மாள் பேச்சை நிறுத்தியதும் மெல்லத் தளர்ந்தது.

வெந்நீருக்கு அப்போது மூன்று விஷயங்கள் ஒன்றாகப் புரிந்தன. இந்த மனிதருக்கு எல்லாம் கேட்கிறது. கேட்டதை எழுத்து எழுத்தாக மனைவியிடம் சொல்கிறார். ஆனால் அந்த அம்மாள் வாயிலிருந்து வருவதெல்லாம் அவர் சொன்னதல்ல.

அந்த அம்மாள் எழுந்து போய்க் கொடியில் துணி எடுக்கத் தொடங்கினார். பின்கட்டில் கிளிப்புகள் டப்பாவில் விழும் ஓசை கேட்டது. வெந்நீர் கான்ட்ராக்டரை மல்லாக்கத் திருப்பினாள். "சார், கண்ணுல இருக்கற துணியை எடுக்கப் போறேன்" என்றாள். பட்டையைத் தளர்த்தித் துணியைத் தூக்கினாள்.

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நினைவில்லாதவர்களின் கண்ணை அவள் பார்த்திருக்கிறாள். கண்ணாடி ஜன்னல்போல இருக்கும், உள்ளே ஆள் இருக்காது. இது அப்படியில்லை. அவள் இடப்பக்கம் நகர்ந்தாள். விழி பக்கவாட்டில் வரவில்லை, வரமுடியவில்லை. ஆனால் மேலும் கீழும் அசைந்தது, அவசரமாக, மூடிய கதவைத் தட்டுவதுபோல.

"நான் பேசறது கேக்குதுன்னா மேல பாருங்க."

மேலே பார்த்தார்.

"இல்லேன்னா கீழ பாருங்க, சரியா? அக்கா சொல்றதெல்லாம் நீங்க சொன்னதா?"

மேலே. உடனே கீழே.

"கொஞ்சம் நீங்க, கொஞ்சம் அவங்களா?"

மேலே.

கிளிப்புகள் விழும் ஓசை நின்றுவிட்டதா என்று அவள் காது கொடுத்தாள். இன்னும் விழுந்துகொண்டிருந்தது.

"உங்களுக்கு நினைவு இருக்குன்னு வேற யாருக்காவது தெரியுமா?"

கீழே.

"டாக்டர்கிட்ட சொல்லட்டுமா?"

விழிகள் மேலே போயின. அங்கேயே நின்றன. அவள் "புரிஞ்சது சார், புரிஞ்சது" என்று திரும்பத் திரும்பச் சொன்னபோதும் இறங்கவில்லை. ஓரங்களில் நீர் நிறைந்து காதை நோக்கி வழிந்தது.

கீழே பின்கதவு தானாக மெல்ல மூடியது. வெந்நீர் துணியை எடுத்தாள். "சார், திரும்ப வருவேன். இப்ப இதைப் போடணும்" என்றாள். பார்த்துக்கொண்டிருந்த கண்களின் மேல் அதைப் போட்டுக் கட்டினாள். தொழிலில் எத்தனையோ உடம்புகளைத் தொட்டிருக்கிறாள். அந்த ஒரு நொடியைப்போல அவள் கை எப்போதும் கூசியதில்லை.

கிளினிக்குக்கு நேராகப் போய்ப் பிசியோ சாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். தான் விதியை மீறிப் பேசியதையும் மறைக்கவில்லை. அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"கண் மேல போனது தற்செயலாவும் இருக்கலாம். அப்படி இல்லாமலும் இருக்கலாம். நாம ரெண்டு பேரும் முடிவு பண்ற விஷயம் இல்ல இது" என்றார். பிறகு போனை எடுத்தார். "அவரைப் பார்த்த டாக்டரை நாளைக்கே கூட்டிட்டுப் போவோம்."

"அக்கா கதவைத் திறக்கலேன்னா?"

"திறப்பாங்க. உன்னைத் தெரியுமே."

மறுநாள் முற்பகலில் மூன்று பேரும் போனார்கள். கதவைத் திறந்த அந்த அம்மாள் மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். பவுடர் பூசிய முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"அவர் இன்னிக்கு யாரையும் பார்க்க விரும்பலையாம்" என்றார்.

"ஒரு நிமிஷம்தாம்மா" என்றார் டாக்டர்.

டாக்டரே துணியை எடுத்தார். வெந்நீர் கேட்டதையே அவரும் கேட்டார். பிறகு வேறு கேள்விகள், மாற்றி மாற்றி, இல்லை என்று பதில் வரவேண்டிய கேள்விகளும் கலந்து. முடிந்ததும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். "ஆஸ்பத்திரியில இருந்தப்போ நிஜமாவே நினைவு இல்ல. வீட்டுக்கு வந்தப்புறம் திரும்பியிருக்கு. நான் அப்பப்ப வந்து பார்த்திருக்கணும்" என்றார். அந்த அம்மாள் பக்கம் திரும்பி, "உங்களுக்கு எப்பம்மா தெரிஞ்சது?" என்று கேட்டார்.

"வீட்டுக்கு வந்த கொஞ்ச நாள்லயே."

"ஏன் சொல்லல?"

அந்த அம்மாள் அழுவார், கத்துவார் என்று வெந்நீர் எதிர்பார்த்தாள். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு நிதானமாக உட்கார்ந்தார்.

"கல்யாணமான நாள்லேர்ந்து அவர் பேசுவார், நான் தலையாட்டுவேன். வீட்டுக்கு யார் வந்தாலும் அவர்தான் பேசுவார். எனக்குப் பசிக்குதான்னு கேட்டாக்கூட அவர்தான் பதில் சொல்லுவார். அவர் விழுந்தப்புறம்தான் எனக்கு வாயே வந்துச்சு." புடவைத் தலைப்பில் இல்லாத தூசியைத் தட்டினார். "அவர் சொல்றார்னு ஆரம்பிச்சா எல்லாரும் கேக்கறாங்க. நான் சொல்றேன்னு ஆரம்பிச்சா யார் கேப்பாங்க? பொய் சொல்லல. கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன்."

கட்டிலில் இருந்தவரின் விழிகள் கூரையைப் பார்த்தபடி இருந்தன.

பிசியோ சார் எழுத்துக்களை வரிசையாகச் சொல்ல, அவர் விழியை உயர்த்தி நிறுத்த, முதல் சொல் வெளிவருவதற்கு வெகுநேரம் ஆயிற்று. என்ன குற்றம் சொல்லப்போகிறாரோ என்று வெந்நீர் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் கேட்டது: ஜன்னல். டாக்டர் எழுந்து போய்த் திறந்தார். வெயில் கட்டில்மேல் விழுந்தது. விழிகளால் அந்தப் பக்கம் திரும்ப முடியாததால் எல்லோருமாகச் சேர்ந்து கட்டிலைத் திருப்பினார்கள்.

விஷயம் சொந்தக்காரர்களுக்குப் பரவியது. கான்ட்ராக்டரின் தம்பி வெளியூரிலிருந்து வந்து கூடத்தில் நின்று குதித்தார். "இவளை இந்த வீட்டுல ஒரு நிமிஷம் வைக்கக் கூடாது" என்றார். அண்ணனிடமே கேட்டுவிடலாம் என்று மாடிக்கு வந்தார்கள். டாக்டர் அனுப்பியிருந்த நர்ஸ் ஒருத்தி, அட்டையில் எழுதிய எழுத்துக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி, அவர் விழி உயர்ந்த எழுத்தைக் குறித்துக்கொண்டாள். வெந்நீர் அப்போது அவர் கால்களைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எழுத்துக்கள் சேரச் சேர அவளும் மனசுக்குள் கூட்டிப் படித்தாள்.

அவ இருக்கட்டும். என்னைத் தனியா விடாதீங்க.

நர்ஸ் குறித்ததைத் தம்பி இரண்டு தடவை படித்தார். அதன்பிறகு குரலை உயர்த்தவில்லை. பகலுக்கு ஒரு நர்ஸ், ராத்திரிக்கு ஒரு நர்ஸ் என்று ஏற்பாடானது. கான்ட்ராக்டரின் மனைவி அதே வீட்டில் இருந்தார். தண்ணீர் கொண்டுவந்து வைப்பார், துணி மடிப்பார், கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருப்பார். ஒரு முறை எழுத்து அட்டையைத் தான் பிடிக்கட்டுமா என்று கேட்டார். கான்ட்ராக்டரின் விழிகள் கீழே பார்த்தன. அந்த அம்மாள் மறுபடி கேட்கவில்லை.

வெந்நீர் தொடர்ந்து போனாள். இப்போது பேசவில்லை, தொடப்போகும் இடத்தை மட்டும் சொன்னாள். சில மாதங்களில் அவருடைய வலது ஆள்காட்டி விரல் லேசாக அசைந்தது. பேச்சு வரவில்லை. ஒரு நாள் மனசு உறுத்தி, "சார், தங்கச்சி விஷயம் பொய். மன்னிச்சுக்குங்க" என்றாள். அவர் விழிகள் மேலே போய் நிற்க, நர்ஸ் அட்டையை எடுத்தாள். தெரியும், உன் கை நடுங்கியது என்று எழுத்துக் கூட்டிச் சொன்னார். அவள் அவரைத் தொட்டு அறிந்துகொண்டிருந்த காலமெல்லாம் அவரும் அவளை அறிந்துகொண்டிருந்தார் என்பது அன்றுதான் அவளுக்கு உறைத்தது. அதற்குப் பிறகு யார் உடம்பில் கை வைக்கும்போதும் ஒரு கணம் தயங்கித்தான் வைக்கிறாள்.

அடுத்த மழைக்காலத்தில் சளி நெஞ்சில் இறங்கி அவர் இறந்துபோனார். நர்ஸ் பக்கத்திலேயே இருந்தாள்.

வெந்நீர் கிளினிக்கை விட்டு வந்து கீழ்த்தளத்தில் சொந்தமாக ஒரு அறை திறந்தாள். பிசியோ சார் தன் பழைய மசாஜ் மேஜையைக் கொடுத்தனுப்பினார். கணவர் ஏசி மாட்டினார். இப்போது அவளிடம் இரண்டு பெண்கள் வேலை பழகுகிறார்கள். டீச்சர்கள், டிரைவர்கள், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கழுத்து போனவர்கள் என்று நாள் நிறைந்துவிடுகிறது. அண்ணன் மட்டும் இன்னும் ஆஸ்பத்திரி என்றே சொல்லிக்கொண்டிருக்கிறான்.

அறை திறந்து சில மாதங்களுக்குப் பிறகு, ஒரு பிற்பகலில், கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு கான்ட்ராக்டரின் மனைவி வந்தார். தலை வாரி, பவுடர் பூசி, அதே மென்மையான குரல்.

"எனக்கும் பிடிச்சு விடுவியாம்மா?"

வெந்நீர் மேஜையில் புதுத் துண்டை விரித்தாள். அந்த அம்மாள் குப்புறப் படுத்துக்கொண்டார். அவ்வளவு பெரிய ஆளை வருடக்கணக்கில் ஒற்றையாகத் தூக்கிப் புரட்டியவர். இடுப்பு கல்லாக இருக்கும், தோள்பட்டை பாறையாக இருக்கும், எங்கே தொடங்குவது என்று யோசித்தபடி, "முதுகுல கை வைக்கிறேன் அக்கா" என்று சொல்லி வைத்தாள்.

ஒன்றுமே இல்லை. தோளில் இல்லை, கழுத்தில் இல்லை, இடுப்பில் இல்லை. எங்கே அழுத்தினாலும் கை அமிழ்ந்தது, பச்சைக் குழந்தையின் முதுகில் அமிழ்வதுபோல. இறுக்கம் என்பதே இல்லாத பெரியவர் உடம்பு ஒன்றை வெந்நீர் அதுவரை தொட்டதில்லை. கட்டை விரலால் தேடினாள், முழங்கையால் தேடினாள். தன் கைதான் ஏமாற்றுகிறதோ என்று மறுபடி மேலிருந்து தொடங்கினாள்.

"ஏதாவது இருக்கா?" என்று மேஜையில் முகம் வைக்கும் துளை வழியாக அந்த அம்மாள் கேட்டார்.

"ஒண்ணும் இல்லக்கா. நல்லா இருக்கீங்க."

"அப்படியா" என்றார். கீழே பார்த்தபடி சிரிப்பது உடம்பு குலுங்கியதில் தெரிந்தது. "அடுத்த வாரமும் இதே நேரத்துக்கு வரேன்."

அன்று வீட்டில் கணவர், "வர வேண்டாம்னு சொல்லிடு" என்றார்.

"என்னன்னு சொல்லி? ஒரு குறையும் இல்லாத உடம்பு."

அந்த அம்மாள் வாராவாரம் வருகிறார். பேசுவதில்லை, தூங்குவதுமில்லை, கண்ணைத் திறந்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். வெந்நீர் முழு நேரமும் பிடித்துவிடுகிறாள். அவர் எழுந்து போனபின் கைகளை முழங்கைவரை தேய்த்துக் கழுவிக்கொள்கிறாள். அதற்கு அடுத்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் அவள் யாருக்கும் நேரம் கொடுப்பதில்லை.